தாமரைச்செல்வி நகர்

நாகமலை புதுக்கோட்டை
9.5.1999

அன்பு மகள் தாமரைக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் நலம். ஹாஸ்டல் சாப்பாட்டில் நீ பாதியாகிவிட்டிருப்பாய் என்று அவள் புலம்புகிறாள். போனில் பேசலாமென்றால் ரிசீவரை என்னிடம் தருவதில்லை. அதனால்தான் கடிதம்.

நகரமைப்பு மேல்படிப்புக்குச் சென்னை, அகமதாபாத் இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சென்னையில் பஸ் ஏறினால் மறுநாள் வீட்டில் இருப்பாய். அகமதாபாத்துக்கு உன்னைப் பார்க்க வருவதானால் இந்தி தெரியாமல் இரண்டு நாள் ரயிலில் முழிக்க வேண்டும். சென்னைதான்.

பார்க்கப்போனால் இது நம் தொழில்தானே. "நல்லகாமண்ணே, வயக்காட்டையெல்லாம் பிளாட்டாக்கி மூணு நகர் போட்டுட்டீக. அதைப் படிக்க ஒங்க மகளுக்கு ரெண்டு வருஷமா?" என்று பெயின்டர் சோலை கேலி செய்கிறான். மெயின் ரோட்டுப் பலகைக்குப் புதுப் பெயின்ட் அடிக்க அவனை அழைத்திருந்தேன். 'தாமரைச்செல்வி நகர்' என்பதில் உன் பெயருக்குப் பின்னால் பி.ஆர்க். என்று சேர்க்கச் சொன்னேன். "படிக்க நல்லாவாண்ணே இருக்கும்?" என்றான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, நீ எழுதுடா என்றேன்.

நம் நகரின் பிளான் நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். நேர்முகத் தேர்வில் எடுத்துக் காட்டு. பஞ்சாயத்து முத்திரை பளிச்சென்று விழுந்திருக்கிறது.

உன் அன்பு அப்பா,
நல்லகாமன்


சென்னை
2.6.1999

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நான் இளைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

சென்னையில் நேர்முகத் தேர்வு முடிந்து பட்டியல் போட்டுவிட்டார்கள். முதல் பெயர் என்னுடையது. அகமதாபாத்திலும் இடம் கிடைத்திருக்கிறது. நான் அகமதாபாத்துக்கே போகலாமென்று இருக்கிறேன். அங்கே நூலகம் பெரியது என்கிறார்கள். வெயில் மதுரை மாதிரியேதானாம், பழகிவிடும்.

நீங்கள் அனுப்பிய பிளானைக் காட்டவில்லை. பலகையில் பி.ஆர்க். வேண்டாம் அப்பா. முடிந்தால் பெயரையே எடுத்துவிடுங்கள். வேறு விசேஷமில்லை.

உங்கள் அன்பு மகள்,
தாமரை


நாகமலை புதுக்கோட்டை
8.6.1999

அன்பு மகள் தாமரைக்கு,

முதல் பெயர் என்று படித்ததும் தெருவுக்கே மிட்டாய் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம்தான் அடுத்த வரியைப் படித்தேன்.

நூலகம் பெரியது என்று யாராவது அம்புட்டு தூரம் போவார்களா? "அங்கன யாரையும் பாத்து வச்சிருக்காளோ என்னமோ" என்று உன் அம்மா மூக்கைச் சிந்துகிறாள். அப்படி இருந்தாலும் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் பெயிலானதைக்கூட வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்ன பிள்ளை நீ. இப்போது அப்பாவிடம் எதை மறைக்கிறாய்? பலகை என்ன பாவம் செய்தது?

உன் அப்பா


சென்னை
14.6.1999

அப்பா,

யாரையும் பார்த்து வைக்கவில்லை. அதை மட்டும் அம்மாவிடம் சொல்லுங்கள். மற்றதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

நேர்முகத் தேர்வில் மூன்று பேர் இருந்தார்கள். பழைய மாணவர்கள் அளந்து வரைந்த வரைபடம் ஒன்றை மேசையில் விரித்து, "இந்த மனைப்பிரிவுல என்னம்மா தப்பு?" என்று கேட்டார்கள். தலைப்பைப் பார்த்தேன். தாமரைச்செல்வி நகர் என்று இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன் அப்பா. தெரு பதினாறு அடிதான், தீயணைப்பு வண்டி திரும்பாது என்றேன். பஞ்சாயத்து முத்திரை இருக்கிறது, நகரமைப்புத் துறையின் அனுமதி இல்லை என்றேன். பூங்கா என்று பச்சை அடித்த இடத்தில் ஆறு வீடுகள் நிற்பதைச் சொன்னேன். மேலக் கண்மாயிலிருந்து கீழக் கண்மாய்க்குத் தண்ணீர் போன வாய்க்காலை மூடி அதன்மேல் பெரிய தெருவைப் போட்டிருக்கிறார்கள், மழை பெய்தால் கடைசித் தெரு வீடுகளுக்குள் தண்ணீர் வரும் என்றும் சொன்னேன். அவர்கள் அசந்துபோய்ப் பார்க்கப் பார்க்க எனக்கு உற்சாகம்கூட வந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

"ஏன் இப்படிச் செஞ்சிருப்பாங்க?" என்றார் ஒருவர். "வாய்க்கால்னு தெரியாம செஞ்சிருப்பாங்க சார்" என்றேன். அப்போது நடுவில் இருந்தவர் என் விண்ணப்பத்தைப் பார்த்தார். "நகர் பேரும் உங்க பேரும் ஒண்ணா இருக்கே, சொந்தமா?"

"இல்ல சார். எங்க பக்கம் நிறையப் பேருக்கு இந்தப் பேருதான்."

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் விவசாயம் என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன்.

வருஷா வருஷம் மாணவர்களை நம் நகருக்கு அழைத்துப் போவார்களாம். நீங்கள் ஓடிவந்து எல்லோருக்கும் இளநீர் வெட்டுவீர்கள். "எம் மக" என்பீர்கள். நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்? நீங்கள் செய்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது அப்பா. உங்களை இல்லையென்று சொன்னதை நினைத்தால் அதைவிட வெட்கமாக இருக்கிறது. அந்த வகுப்பில் என்னால் உட்கார முடியாது. அதனால்தான் அகமதாபாத். மன்னித்துவிடுங்கள்.

தாமரை


நாகமலை புதுக்கோட்டை
21.6.1999

தாமரைக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். அம்மா கேட்டதற்குப் படிப்பு விஷயம் என்று சொல்லிவிட்டேன்.

சொந்தமில்லை என்று நீ சொன்னதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். முதல் நாள் சோறு இறங்கவில்லை. மறுநாள் நகருக்குள் நடந்துபோய் நீ சொன்ன ஒவ்வொரு தப்பையும் பார்த்தேன். கடைசித் தெருவில் மலையம்மாள் என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர் குடியிருக்கிறது. போன ஐப்பசியில் தண்ணீர் நின்ற கோடு அந்த வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது. "வாங்கண்ணே, காப்பி குடிக்கிறீகளா?" என்று கேட்டது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

நீ அவர்களிடம் சொன்னது எல்லாம் சரி. ஒன்று மட்டும் தப்பு. தெரியாமல் செய்திருப்பார்கள் என்றாயே, எனக்குத் தெரியும் தாயி. இருபது வருஷம் அந்த வாய்க்காலில் மடை திறந்து வயலுக்குப் பாய்ச்சியவன் நான். லாரி லாரியாக மண் கொட்டியபோது, "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்" என்று கை காட்டியவனும் நான்தான். தண்ணீர் வேறு வழி பார்த்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு உறுத்தியது. உன் பெயரை வைத்தால் எல்லாம் நல்லபடியாகிவிடும் என்று நினைத்து வைத்தேன். தப்புச் செய்த இடத்தில் போய்ப் பிள்ளையின் பெயரை எழுதினேனே, அதுதான் அறுக்கிறது.

நீ சென்னையிலேயே சேர்ந்துவிடு. அகமதாபாத்தில் இருப்பவர்களுக்கு நம் கண்மாய் தெரியாது. உன் வகுப்போடு இங்கே வரும்போது நான் இளநீர் வெட்ட மாட்டேன். ஆனால் வாய்க்கால் எங்கே வளைந்தது, எத்தனை அடி அகலம் என்று காட்ட ஓர் ஆள் வேண்டும். அதற்கு வந்து நிற்பேன். மூடியது யாரென்று உன் வாத்தியார் கேட்டால் நான்தான் என்று நானே சொல்கிறேன், நீ வாயைத் திறக்க வேண்டாம். இந்தப் பிள்ளை உங்களுக்குச் சொந்தமா என்று கேட்டால், இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
நல்லகாமன்