கண்ணைக் கட்டிப் பார்த்த நாலு லினக்ஸ்

ஜூலை 8, செவ்வாய்

பழைய லேப்டாப்பைத் தூசி தட்டியாச்சு. பென்டிரைவ் நாலு, ஒவ்வொன்றிலும் ஒரு லினக்ஸ் ரகம்: மின்ட், உபுண்டு, ஃபெடோரா, டெபியன். பதினாறு வருஷமாக பீளமேட்டுக் காலேஜ் லேபில் பிள்ளைகளுக்கு லினக்ஸ்தான் சொல்லித் தருகிறேன். இப்போது எனக்கே ஒன்று தேவை. திரையைப் பார்க்காமல் ஓட்டக்கூடியது.

போன வாரம் கண் டாக்டர்: "ரெண்டு கண்ணுலயும் நரம்பு காஞ்சுக்கிட்டே வருதுங்க மேடம். போன பார்வை திரும்பாதுங்க. இருக்கற பார்வை எத்தனை நாள்னு சொல்ல முடியாது."

காலேஜில் இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

கண்ணில் துண்டு கட்டிச் சோதனை. வீட்டுக்காரர் செபஸ்தியான் வாசப்படியிலேயே நின்றார்.

"இப்பக் கண்ணு தெரியுதே அம்மணி. எதுக்கு இதெல்லாம்?"

"தெரியறப்பவே பழகிக்கறனுங்க."

வெங்காயம் நறுக்கப் போய்விட்டார்.

மின்ட் – பழைய மெஷினிலும் லேசாக ஓடுது. கண் இருக்கறவங்களுக்கு இதைத்தான் சொல்வேன்.
ஃபெடோரா – எல்லாமே புதுசு. சுறுசுறுப்பு.
உபுண்டு – மூணு பட்டன் சேர்த்து அழுத்தினால் திரையை வாசிக்குது. சந்தேகம் கேட்க ஆள் ஏராளம்.
டெபியன் – முகம் பழசு. ஆனால் மெஷினில் ஏத்த ஆரம்பிக்கும்போதே 'எஸ்' தட்டினால் திரையை வாசிக்குது. முதல் கேள்வியிலிருந்தே. யாரையும் கூப்பிட வேண்டாம்.

தமிழ் வாசிப்பு தகர டப்பா குரல். பழகணும்.

முட்டியில் மேஜை இடித்து ரத்தக்கட்டு.

ஜூலை 11, வெள்ளி

துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டேன். "லேப் எதுக்குங்க மேடம், லைப்ரரில உக்காந்துக்கங்க. பாவம்."

பாவமாம்.

"கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு மெஷின்ல லினக்ஸ நானே முழுசா ஏத்திக் காட்டினா?"

"சரிங்க. திங்கக்கிழமை காட்டுங்க, பார்ப்போம்."

பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட் பொண்ணு தண்ணி பாட்டிலை நீட்டினாள்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச் பூசைக்குப் போகவில்லை. டெபியன் ஒத்திகை. முதல் தடவை டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கிற இடத்தில் தப்பு. மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது தடவை கடைசி வரைக்கும் வந்துவிட்டது. பாஸ்வேர்டு தட்டினேன், உள்ளே போச்சு. தனியாக.

பகல் பதினொன்று. துண்டை அவிழ்த்தேன்.

"ஏனுங்க, மழை இருட்டிக்கிட்டு வருதுங்களா?"

"இல்லியே அம்மணி. சுள்ளுனு வெயிலு."

வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தேன். இடது கண்ணில் துண்டு கட்டின மாதிரியே இருந்தது.

அவரிடம் சொல்லவில்லை. நாளைக்கு லேபில் ஏத்திக் காட்டணும். எட்டே முக்கால் பஸ்.