மைதா ஒரு கப், நூற்றுப் பன்னிரண்டு கிராம்

இன்று காலை தராசைத் துடைத்துப் பெட்டியில் வைக்கப் போனேன். தட்டுக்கடியில் கொஞ்சம் மைதா ஒட்டியிருந்தது, கூடவே வெனிலா வாசனை. உடனே உன்னிடம் பேச வேண்டும்போல் இருந்தது. உன் மகள் கல்யாணம் நேற்று நல்லபடியாக முடிந்தது. கேக்கும் நல்லபடியாக வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பதறாதே.

கல்யாணத்துக்கு உன் கேக்தான் வேண்டும் என்று அவள் ஒரே பிடிவாதம். அத்தனை பேருக்கு வீட்டில் சுட முடியுமா? சிதம்பரத்தில் ஒரு பேக்கரியில் பேசினோம். மாஸ்டர் கையை விரித்துவிட்டார். "கப்பு கணக்குலாம் நமக்கு வராதுக்கா. எல்லாத்தையும் கிராம்ல குடுங்க, அப்படியே போட்டுத் தரேன்." கடலூரில் இத்தனை வருஷம் மருந்துக்கடை நடத்தியவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

உன் கணக்கோ பிடி உடைந்த அந்தக் காபி கப். மைதா இரண்டு கப், சர்க்கரை ஒன்றரை, வெண்ணெய் ஒன்று. எடை போட்டுச் செய்யேன் என்று நான் சொல்லும்போதெல்லாம், "கேக்கு என்னா மாத்திரையாடி, மில்லிகிராம் பாத்துப் போட?" என்பாய். அடுப்படியிலேயே நின்று சண்டை போடுவோம். கேக் மட்டும் ஒருநாளும் தப்பாது.

கப்பை உன் வீட்டிலிருந்து எடுத்துவந்தேன். நெட்டில் சொன்னபடி மைதாவைச் சலித்து, ஸ்பூனால் அள்ளிப் போட்டு, கத்தியால் வழித்து நிறுத்தேன். தொண்ணூறு கிராம். சுட்டால் நடுவில் பள்ளம். மறுபடியும் பள்ளம். மாவைக் கூட்டலாம்தான், எவ்வளவு கூட்டினால் அது உன் கேக்? கல்யாணத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. கேட்க நீ இல்லையே என்று உன்மேல் அப்படி ஒரு கோபம். செத்துப்போன சிநேகிதியைத் திட்டினேன், போ.

எனக்குப் புடவை கொண்டுவந்த உன் மகள் அடுப்படியில் எட்டிப் பார்த்தாள். "என்னா பெரிம்மா, ஸ்பூன்ல போடுறீங்க? நகருங்க" என்று கப்பை வாங்கினாள். மாவு டப்பாவுக்குள் முக்கி அள்ளி, லேசாக ஒரு குலுக்கு குலுக்கி, ஆள்காட்டி விரலால் வழித்தாள். நூற்றுப் பன்னிரண்டு. திரும்பப் போடச் சொன்னேன். நூற்றுப் பதிமூன்று. அடுத்ததும் நூற்றுப் பன்னிரண்டு.

"யாருடி சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லலியே. அம்மா முட்டை அடிக்கும்போது மாவு நான்தான போடுவேன்…" சொல்லிக்கொண்டே வந்தவள் தன் விரலைப் பார்த்து நின்றுவிட்டாள். இருவரும் நன்றாக அழுதோம். பிறகு சர்க்கரையையும் அவளையே அள்ளச் சொன்னேன். அன்றைக்குச் சுட்டதில் பள்ளம் விழவில்லை. மாஸ்டருக்குப் போன் செய்து கிராம் கணக்கை ஒப்பித்தேன்.

நேற்று சர்ச்சில் கல்யாணம் முடிந்து மண்டபத்தில் கேக் வெட்டினார்கள். முதல் வாயிலேயே ருசி பார்த்துவிட வேண்டும், சரியில்லை என்றால் முகத்தில் காட்டக் கூடாது என்று தயாராகத்தான் போயிருந்தேன். தட்டு கைக்கு வந்தபோது பக்கத்தில் உன் தங்கை. மாப்பிள்ளை வீட்டார் கதையை அவளிடம் கேட்டுச் சிரித்துக்கொண்டே தின்றேன். தட்டு காலியான பிறகுதான் உறைத்தது, ருசி பார்க்கவே மறந்துபோயிருக்கிறேன் என்று. உன் வீட்டில் உட்கார்ந்து தின்கிற மாதிரியே தின்று முடித்திருக்கிறேன். நீ போன பிறகு, ஒன்றையும் நினைக்காமல் நான் வயிறாரச் சாப்பிட்டது நேற்றுதான். அந்த நிம்மதி இன்றைக்கும் கூடவே இருக்கிறது.