என் பெயரில் ஒரு புதுக் கம்பனி

செவ்வாய்க்கிழமை இரவு, நோர்பரி

இன்று கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 

பின்னேரம் என் கணவரின் அண்ணை ஒரு படிவத்தோடு எங்கள் பேக்கரிக்கு வந்தார். இவருடைய கம்பனியைக் கடன் கட்ட வழியில்லை என்று வங்குரோத்தில் மூடிவிட்டு, அதே கடையை என் பெயரில் புதுக் கம்பனியாகத் திறக்க வேண்டுமாம். வேலையாட்களின் சம்பளத்தில் வெட்டிய வரியை இவர் பதினான்கு மாதமாக அரசாங்கத்துக்குக் கட்டவில்லை. அந்தக் கடன் பழைய கம்பனியோடு போய்விடுமாம்.

“எல்லாரும் செய்யிறதுதான் பிள்ளை. இதில ஒரு சைன் வை,” என்று தன் பேனாவையும் நீட்டினார்.

“அத்தான், என்ர சம்பளத்திலயும்தானே உங்கட தம்பி வெட்டினவர். அது கடைக் காசில்லை. காணிக்கைப் பையில கை வைச்ச மாதிரி.”

ஞாயிறுதோறும் சேர்ச்சில் காணிக்கைப் பை ஏந்துகிறவர் இவர்தான். பக்கத்தில் நின்று தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணை கோபத்தோடு எழும்பிப் போய்விட்டார்.

கடை பூட்டும்போதுதான் இவர் வாய் திறந்தார். “வரியைத் தவணையில கட்ட விடுவினமோ?”

“கேட்டாத்தானே தெரியும். நாளைக்கு ஒன்பது மணிக்கு வரிக் கந்தோருக்கு நான் போன் எடுக்கிறன். நீங்கள் பக்கத்தில இருங்கோ.”

டெலிவரி வானை விற்றால் முதல் தவணைக்குக் காசு காணும். ஸ்ட்ரெதம் கடைகளுக்குப் பாணை நான் பஸ்ஸில் கொண்டுபோவேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

நாளைக்குக் கேட்க வேண்டியவற்றைப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். அண்ணை போன வேகத்தில் பேனாவை மறந்துவிட்டார். அந்தப் பேனாவால்தான் இதையும் எழுதுகிறேன்.

நன்றாகத்தான் எழுதுகிறது.