மலருக்குப் பச்சை, பாண்டிக்குச் சிவப்பு

டிசம்பர் 3, புதன்

மூட்டம். மதியம் வரை காப்பிச் செடியெல்லாம் ஈரம். சிவந்த பழமாகப் பார்த்துப் பறித்ததில் முழங்கை வரை நனைந்தது. சோப்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

நான் உதவிக்குப் போகும் சாயங்கால வகுப்பில் பிள்ளைகளுக்கு வைத்த வாசிப்புத் தேர்வின் முடிவு வந்தது. டீச்சர் தந்த அட்டைகளை வீடு வீடாகக் கொடுத்தேன். மார்க்குக்குப் பதில் வரிசையாகக் கலர்ப் பொட்டு. சரளமாக வாசித்தால் பச்சை. திக்கினால் மஞ்சள். எழுத்தே பிடிபடாவிட்டால் சிவப்பு. விளக்கிச் சொல்லிக் கொடு என்றார். நான் எங்கே சொன்னேன். நீட்டினேன், திரும்பினேன். செல்வி அக்கா டீ குடிக்கச் சொன்னதற்கும் தலையாட்டல்தான்.

டிசம்பர் 4, வியாழன்

நல்ல வெயில். தோட்டம் முழுக்க அட்டைப் பேச்சு.

பாண்டியின் அப்பா: "எம்மவன் பூராஞ் செவப்புலே! முழுப் பழம்!" சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாராம்.

செல்வி அக்கா முகம் செத்துவிட்டது. "எம்மக அட்டையில பூராம் பச்சக்காயா கெடக்கு. இதுக்குப் பள்ளிக்கூடம் ஒரு கேடா? நாளைக்கே பறிக்கக் கூட்டிட்டு வாரேன்."

என் கை நின்றுவிட்டது. கூடையில் பச்சைக் காய் விழுந்தால் மேஸ்திரியிடம் ஏச்சு வாங்குகிறவர்கள். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? எனக்கே நேற்று தோன்றவில்லை.

வாய் திறந்தேன். அத்தனை பேர். மறுபடி செடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரோட்டு வளைவில்தான் சிக்னல். டீச்சருக்குப் போன். கொடைக்கானலில் காய்ச்சலாகப் படுத்திருக்கிறார். "நான் வர ஒரு வாரமாகும். நீயே சொல்லு புள்ள."

என்னை ஒன்பதாவதோடு நிறுத்தியபோது ஒருவரும் வந்து எதுவும் சொல்லவில்லை. நான் போவேன்.

டிசம்பர் 5, வெள்ளி

வெள்ளனே செல்வி அக்கா வீடு. மலர் கையில் கூடை, உடம்பில் அம்மாவின் பழைய சட்டை.

"பச்சதான்க்கா நல்லது."

"என்னடி ஒளர்ற? மேஸ்திரிட்ட போய்ச் சொல்லிப் பாரு."

அடுப்புப் பக்கத்தில் இருந்த ரவைப் பாக்கெட்டை எடுத்து மலரிடம் கொடுத்தேன். பின்பக்கத்தை நிற்காமல் வாசித்தாள், கடைசித் தேதி வரை.

"அடிப்பாவி, போன மாசமே முடிஞ்சுபோச்சா?" அக்கா அடுப்பைப் பார்த்தார். உப்புமா கொதித்துக்கொண்டிருந்தது. மகளைப் பார்த்தார். கூடையைப் பிடுங்கினார். "நிக்காத. வெரசா சட்டைய மாத்து. பள்ளிக்கூட மணி அடிச்சிருவாங்க."

பாண்டி வீட்டுக்குப் போகாமலே இருந்திருக்கலாம். மலர் தப்பித்துவிட்டாளே. ஆனால் அவன்? எழுத்துத் தெரியாமலே முழுப் பழமாகத் திரிவான்.

சாயங்காலம் போனேன். "வா பாப்பா, எப்பிடி மாட்டிருக்கேன் பாரு." பக்கத்தில் பாண்டி, பல் தெரியச் சிரிப்பு. ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சிரிப்பு நின்றது.

"முந்தாநேத்தே சொல்றதுக்கென்ன? தோட்டம் பூராம் பீத்திட்டேனே."

"சொல்லிருக்கணும்ண்ணே."

அட்டைப் பக்கம் கையைக் கொண்டுபோனார். "சரி. பச்சையாக எம்புட்டு நாளாகும்?"

"தெரியலண்ணே. தெனம் அனுப்புங்க. நான் கூட ஒக்காருறேன்."

அட்டையைக் கழற்றவில்லை. "கெடக்கட்டும். பச்ச வந்தா மேல ஒட்டிக்கிருவோம்."

இன்றே ஆரம்பம். ப, ட, ம. ப-வும் ட-வும் அவனுக்கு ஒன்றுதான். நாளைக்கு மறுபடி ட.