ஹார்மோனியம் விட்ட இடம்

ஓடைப்பட்டி
3.2.2025

ராஜமணி வாத்தியார் பேத்தி ஷெரினுக்கு, சூசைமுத்து சொல்ல, தையக்கடை அனிதா மேரி எழுதுறது.

வானத்துல சுத்துன ஸ்கைலாப் விழுந்து எல்லாரும் சாகப்போறோம்னு ஊரே ஆடு கோழியை அடிச்சுத் தின்னு தீர்த்துச்சே, அந்த வருஷம். பெரியாறு அணையில தண்ணி மட்டத்தை இறக்குனதும் அதே வருஷந்தான். அதுக்கு அடுத்த பெரிய வெள்ளிக்கிழமை பிடிச்சதுதான் உன்கிட்ட இருக்கிற கேசட்டு.

சிலுவைப்பாதைக்கு ஹார்மோனியப் பெட்டியைத் துண்டுல கட்டி என் கழுத்துல மாட்டுவாக. நான் பின்பக்கமாவே நடப்பேன். துருத்தியும் என் கைதான். உங்க தாத்தா எனக்கு எதிர்ல நடந்துக்கிட்டே வாசிப்பாக. ஒரு தடவை சாக்கடையில விழுந்தேன். பெட்டிக்கு ஒண்ணும் ஆகலையேன்னுதான் வாத்தியார் முதல்ல பாத்தாக.

போன் வேணாம், காதுக்குள்ள இரையுது. கடுதாசியே போடு.

சூசைமுத்து (கைநாட்டு)


சென்னை
11.2.2025

அன்புள்ள சூசைமுத்து தாத்தாவுக்கு,

சாக்கடைக் கதையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எங்கள் தாத்தா கடைசிவரை அதைச் சொல்லிச் சிரிப்பாராம்.

அறுபது பேர் வாசிக்கிற இசைக்குழுவுக்கு, கேசட்டில் இருக்கும் சிலுவைப்பாதைப் பாட்டின் மெட்டிலிருந்து புதிதாக ஓர் இசை எழுதுகிறேன். மேற்கே பழைய கோவில்களில் ‘மோட்’ என்று ஒரு முறை உண்டு. கட்டைகள் அதே ஏழுதான். எந்தக் கட்டையை வீடாக வைத்துப் பாடுகிறோமோ, அதற்கேற்பப் பாட்டின் முகம் மாறும். இந்த மெட்டு அதில் எந்த வகை என்பதை வீட்டுக்கு அடுத்த சுரம்தான் சொல்லும். சரியாக அந்த இடத்தில் ஹார்மோனியம் வாயை மூடிக்கொள்கிறது. மக்கள் மட்டும் இழுக்கிறார்கள். கேசட் இரைச்சலில் அது தாழ்ந்ததா, உயர்ந்ததா என்று தெரியவில்லை. அந்தக் கட்டை உடைந்திருந்ததா?

மார்ச் இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. முதல் பக்கத்தில் ‘மூல மெட்டு: ராஜமணி வாத்தியார்’ என்று போட்டிருக்கிறேன். தாத்தா பேர் அச்சில் வருவது இதுதான் முதல் தடவை.

அன்புடன்,
ஷெரின்


ஓடைப்பட்டி
20.2.2025

ஷெரினுக்கு,

கட்டை உடையலை. பெட்டி நல்லாத்தான் இருந்துச்சு. இங்கன திராட்சை பழுத்து நிக்குது, மழை வராம இருக்கணும். வாத்தியார் பேரை மட்டும் கொஞ்சம் பொறுத்துப் போடு ஆத்தா.

சூசைமுத்து (கைநாட்டு)


சென்னை
27.2.2025

அன்புள்ள தாத்தாவுக்கு,

உடையாத கட்டையை ஏன் விட்டார்? பேர் போட நான் ஏன் பொறுக்க வேண்டும்? திராட்சையைப் பற்றி எழுதித் தப்பித்துக்கொள்கிறீர்கள்.

அம்மாவிடம் கேட்டேன். பழைய மிஷன் புத்தகத்தில் இருந்த பாட்டு என்று பங்குச் சாமியாரிடம் சொன்னாராம் தாத்தா. வீட்டிலோ, தானே கட்டிய மெட்டு என்றாராம். இரண்டில் எது நிஜம்? எனக்குக் கசந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

ஷெரின்


ஓடைப்பட்டி
6.3.2025

ஷெரினுக்கு,

ரெண்டும் இல்லை.

ஸ்கைலாப் எங்கேயோ கடலோரமாப் போய் விழுந்துச்சு. நம்ம ஊர்ல அந்த வாரம் போன உசுரு ஒண்ணுதான். திராட்சைத் தோட்டத்துல வேலை பாத்த ஒரு பொண்ணோட மூணு வயசுப் பிள்ளை, காய்ச்சல்ல. கல்லறையில அவ வச்ச ஒப்பாரிதான் அந்த மெட்டு.

வாத்தியார் வீட்டுக்கு வந்து அதைப் பெட்டியில தேடினாக. நான் துருத்தி போட்டேன். அவ குரல் நின்ன இடம் ஒரு கட்டைக்குக் கூடுதல், அடுத்த கட்டைக்குக் குறைச்சல். சாயங்காலம் பூரா ரெண்டையும் மாத்தி மாத்தி அமுக்கிட்டு, “சூசை, இது பெட்டிக்குள்ள இல்லடா”ன்னாக. தப்பா வாசிக்க மனசில்லாம விரலை எடுத்துட்டாக. கேசட்டுல அந்த இடத்துல உஸ்ஸுன்னு கேக்குறது இரைச்சல் இல்லை. நான் துருத்தியை நிறுத்தலை, அந்தக் காத்து.

ஒப்பாரின்னா சாமியார் சிலுவைப்பாதையில விடமாட்டாக. அதான் பழைய புத்தகம்னு ஒரு பொய். நானும் ஆமான்னேன். அவகிட்ட ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கேக்கலை. அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை நான் பின்பக்கமா நடந்ததால கூட்டம் முழுக்க என் கண்ணுக்கு எதிர்ல. ஊரே வாயைத் திறந்து இழுக்குது. அவ மட்டும் மூடியிருந்தா. என்னையே பாத்துக்கிட்டு வந்தா.

வெளிய சொல்லக்கூடாதுன்னு வாத்தியார் எங்கிட்ட சத்தியம் வாங்குனாக. நாப்பத்தஞ்சு வருஷம் காப்பாத்திட்டேன். அச்சுல ஏறப்போகுதுன்னு நீ எழுதுனதுல இருந்து சோறு இறங்கலை. உங்க தாத்தா மோசக்காரர் இல்லை ஆத்தா; அந்தச் சுரத்தைத் தனதுன்னு அவுக ஒருநாளும் வாசிக்கலை.

எழுதுற அனிதா மேரி பேனாவை வச்சுட்டு, “நிசமாவா தாத்தா?”ங்குறா. எழுது, முடியப்போகுதுன்னேன்.

தாழ்ந்ததா உயர்ந்ததான்னு எங்கிட்டக் கேக்காதே. நான் காத்து போட்டவன். வாத்தியார் போயிட்டாக. சாமியார் போயிட்டாக. கேசட்டு பிடிச்ச பிரான்சிஸ் போன வருஷம் போயிட்டான். ஒப்பாரி வச்சவ இப்ப சுருளிப்பட்டியில இன்னொரு மக வீட்டுல இருக்கா. குரல் இன்னும் தெளிவு. அச்சுக்குக் கொடுக்குறதுக்கு முன்னாடி நீ வா, நானும் கூட வாரேன். பாடச் சொல்றதுக்கு முந்தி, அன்னிக்கு நாங்க கேக்காததைக் கேட்டுருவோம்.

அவ பேரு வியாகுலமேரி.