கம்ப்யூட்டருக்குள் வெயில்

ஜூன் 17, செவ்வாய்

சக்குபள்ளத்தில் நாங்கள் கட்டும் எஸ்டேட் தொழிலாளர் வீடுகளுக்குப் பின்னால் இன்று மண் சரிந்தது. ஆள் சேதமில்லை. மழை முடியும்வரை வேலை கிடையாது.

பின்பக்கத் தாங்குசுவரை முதலில் கட்டாவிட்டால் மழையில் எல்லாம் நின்றுபோகும் என்று, வீடுகளையும் வேலை முடியும் நாட்களையும் சேர்த்துக் காட்டும் கம்ப்யூட்டர் மாடல் கோடையிலேயே சிவப்புக் காட்டியது. சூப்பர்வைசர் என்ற பெயரில் நானும் அதைக் கான்ட்ராக்டரிடம் காட்டித் தொண்டை வற்றக் கத்தினேன். அவருக்கு ரோட்டிலிருந்து தெரிகிற முன்பக்கம்தான் முக்கியம். தாங்குசுவரோடு யார் செல்ஃபி எடுப்பார்கள்?

சாயங்காலம் ஸ்டெல்லா அக்கா வந்தார். எஸ்டேட்டின் ஒழுகுகிற பழைய வரிசை வீடான லயத்தில் பிள்ளைகளோடு இருப்பவர். புது வீட்டை மந்திரிக்க சர்ச் சாமியாரிடம் நாள்கூடக் கேட்டுவிட்டார். மாடலில் வீடு முடியும் தேதியைக் காட்டி, நாள் கேளுங்கள் என்று சொன்னது என் திருவாய்தான்.

"ஏந்தம்பி, இனி கம்ப்யூட்டருக்குள்ளதான் குடி போகணுமாக்கும்?"

சிரித்தேன். ஐம்பது வயதுத் தம்பிக்கு வேறென்ன தெரியும்.

"அந்த அடுப்படிய இன்னொருக்கா காட்டு."

லேப்டாப்பைத் திருப்பினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இதுல நல்லா வெயிலடிக்குது," என்றார். பிறகு குடையை விரித்துக்கொண்டு லயத்துக்கு இறங்கிப் போனார்.

இப்போது கொட்டுகிறது. அங்கே பாயை எந்தப் பக்கம் இழுத்துப் போட்டிருப்பார்களோ.