சக்கரை வேண்டாத கரப்பான்கள்

குட்டிம்மா, உன் சித்தி எழுதுறேன். ஆண்டவன் தயவுல இங்க எல்லாரும் நடமாடிக்கிட்டு இருக்கோம், நீயும் அங்க நோய்நொடி இல்லாம இருக்கணும்னுதான் கண்ணு முழிச்சதும் என் முதல் வேண்டுதல். என் முட்டி வலி அப்படியேதான் இருக்கு, அதுக்கு மட்டும் எந்த வேண்டுதலும் எட்டல. உங்கப்பாவுக்கு சுகர் அடங்கியிருக்கு, வாய்தான் அடங்கல. நீ நேரத்துக்கு சாப்பிடுறியா, இல்ல அந்த ஆராய்ச்சிக்கூடத்துல பூச்சிக்குத் தீனி போட்டுட்டு நீ பட்டினி கெடக்கியான்னு தெரியல, போன தடவை அனுப்புன போட்டோவுல கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. போன்ல சொல்லாம ஏன் உக்காந்து எழுதுறேன்னு கேப்ப. போன் கடை கல்லா மேல இருக்கு, கல்லாவுல உங்கப்பா இருக்காரு, இதெல்லாம் அவரு காதுபட சொல்ற சங்கதி இல்ல.

நீ லீவு முடிஞ்சு போனதுலருந்து அவரு உன் பேச்சையே எடுக்கலங்கிறது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு, மனசு கஷ்டப்படுவியேன்னு சொல்லாம வச்சிருந்தேன். சாயங்காலம் கடை சாத்துனதும் பிரார்த்தனையில ஒவ்வொருத்தர் பேரா சொல்லுவாருல்ல, உங்கம்மா, அதான் எங்க அக்கா, அவ ஆத்மாவுல ஆரம்பிச்சு நம்ம பேக்கரி அடுப்புல நிக்கிற ஒல்லி மனுஷன், நாம ஒட்டடைக்குச்சின்னு கூப்பிடுறவர், அவரோட மாமியார் வரைக்கும் வரும். உன் பேரு வர்ற இடத்துல மட்டும் ஒரு மூச்சு விட்டுட்டுத் தாண்டிப் போயிடுவாரு. நான் வாய்க்குள்ளயே உன் பேரைச் சொல்லிக்குவேன். மத்ததெல்லாம் கூட பொறுத்துக்கிட்டேன் பாப்பா, அந்த ஒரு மூச்சைத்தான் என்னால தாங்க முடியல.

நீ லீவுல வந்தப்போ பிரசங்கியாரு நம்ம வீட்டுல சாப்பிட வந்த நேரத்துல நீ கொஞ்சம் வாயைக் கட்டியிருக்கலாம்தான். ஒவ்வொரு ஜீவனையும் இன்னிக்கு எப்படி இருக்கோ அப்படியே ஆண்டவன் உண்டாக்கினாருன்னு அவரு பாட்டுக்கு சொல்லிட்டுப் போயிருப்பாரு. நீதான், இல்லங்கய்யா, தலைமுறை தலைமுறையா கொஞ்சங் கொஞ்சமா மாறித்தான் எல்லாம் வந்துச்சு, மனுஷனும் அப்படித்தான்னுட்ட. உங்கப்பா, அப்ப நீ எந்தக் குரங்கு பெத்த புள்ளன்னு கேட்டாரு, நீயும் சும்மா இல்லாம அதை உங்களைத்தான் கேக்கணும்னுட்ட. எனக்கு உங்க பெரியப்பா சம்மணம் போட்டு வாழைப்பழம் தின்னுறது ஞாபகம் வந்து சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துடுச்சு, ஆண்டவன் என்னை மன்னிக்கட்டும். நீ கடவுள் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லல, நான் அங்கதான் பரிமாறிக்கிட்டு நின்னேன். ஆனா உங்கப்பா மனசுல அப்படித்தான் தைச்சிடுச்சு, புள்ளைய படிக்க அனுப்பி சாமியைத் தொலைச்சிட்டேன்னு எங்கிட்ட எத்தனை தடவை புலம்பியிருப்பாரு.

சரி, கரப்பான் கதைக்கு வர்றேன். நம்ம பேக்கரியில உங்கப்பா தன் கையாலயே மருந்து கலந்து வைப்பாருல்ல, சக்கரைப்பாகு, கேக் தூளு, அந்த வெள்ளைப் பொடி, எல்லாத்தையும் பிசைஞ்சு டப்பா மூடியில தடவி அடுப்புக்கு அடியில. கேக்குக்கு எவ்வளவு கர்வமோ அதுக்கும் அவ்வளவு கர்வம் அவருக்கு. வருஷக்கணக்கா செத்து செத்து குவிஞ்சது, இப்ப ஒண்ணு கூட சாகல. மூடிகிட்ட வருதுங்க, மீசையால தொட்டுப் பாக்குதுங்க, ஏதோ பத்தியத்துல இருக்குற மாதிரி ஒதுங்கிப் போயிடுதுங்க. பொடி போலின்னு சொல்லி மருந்துக்கடைக்காரரோட சண்டை போட்டாரு. அப்புறம் என்ன பண்ணாரு தெரியுமா, கேக் போடுறவர் புத்தி கேக்கு மாதிரிதானே போகும், இனிப்பு பத்தலன்னு முடிவு பண்ணிட்டாரு. பாகை ரெண்டு மடங்காக்கினாரு, அப்புறம் தேனு, அப்புறம் ஜாமு. விருந்து வைக்க வைக்க அதுங்க பெருகிக்கிட்டே போகுது. ஒட்டடைக்குச்சி, முதலாளி, அதுங்களுக்கும் சுகர் வந்துடுச்சு போலன்னு சொல்லி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு. அந்த நேரம் பார்த்து சுகாதார ஆபீசர் வந்தாரு, அவரு கண்ணு முன்னாலயே ரொட்டித் தட்டு மேல ஒண்ணு உலாத்துது. அடுத்த தடவை ஒண்ணைப் பாத்தாலும் கடைக்குப் பூட்டுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறந்தான் நான் அவசரத்துக்குத் தையல்கடைக்குப் போய் அங்கருந்து உனக்குப் போன் போட்டேன்.

நீ சொன்னதை நான் அப்படியே மனசுல பிடிச்சுக்கிட்டேன். இனிப்பு பிடிக்காத கரப்பான் என்னிக்கோ ஒண்ணு ரெண்டு பொறந்திருக்கும், இனிப்பு பிடிச்சதெல்லாம் அப்பா மருந்தைத் தின்னு செத்துப்போச்சு, பிடிக்காததுதான் தப்பிச்சு முட்டை போட்டுச்சு, இப்ப கடை முழுக்க அதுங்க வம்சந்தான்னு சொன்ன. அதுங்க யோசிச்சு மாறல, மிஞ்சினது எதுவோ அதுதான் பெருகுதுன்ன. சக்கரையை விடுங்க, அந்த வெள்ளைப் பொடியோட வறுத்த கடலைப்பொடியும் எண்ணெயும் கலந்து வைங்கன்னும் சொன்ன. உங்கப்பாகிட்ட ஒளிக்காம நீ சொன்னதாவே சொன்னேன். மூஞ்சி அடுப்புத் தணல் மாதிரி ஆயிடுச்சு. கரப்பானுக்குக் கரப்பான்தான பொறந்திருக்கு, பல்லியா பொறந்துச்சு, படைச்சது படைச்சபடிதான் இருக்குன்னு மாவு மேசையைத் தட்டினாரு, மாவெல்லாம் என் மேல. எனக்கும் நீ சொல்றது முழுசா இறங்கலம்மா, உங்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். எல்லாத்துக்கும் அடியில ஒரு கை இருக்குன்னுதான் நான் நம்புறேன், சாகுற வரைக்கும் அப்படித்தான் நம்புவேன். ஆனா அந்த மூடியில எது செத்துச்சு எது பொழைச்சுச்சுன்னு கண்ணால பாத்தவ நான், அதை எப்படி இல்லைன்னு சொல்றது. அதையும் அவருகிட்ட சொன்னேன்.

மறுநாள் காலையில கடலை வறுக்குற வாசனை. ஒட்டடைக்குச்சியைக் கூட கிட்ட விடல, தானே வறுத்து, தானே இடிச்சு, வெள்ளைப் பொடியைப் போட்டு எண்ணெய் விட்டுக் குழைச்சு, மூடியில தடவினாரு. சக்கரை டப்பா பக்கம் கை போகலைங்கிறதை ஓரக்கண்ணால பாத்துக்கிட்டேன். வாரம் முடியறதுக்குள்ள முறத்துல அள்ளிக் கொட்டுற அளவுக்கு விழுந்துச்சு, அதையும் அவரேதான் கூட்டிப் பெருக்கினாரு. ஆபீசர் வந்து அடுப்புக்கு அடியில குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, ஒரு ரொட்டி வாங்கிட்டுப் போனாரு. கடை பொழைச்சுது. நான் ஒரு வார்த்தை பேசல, நான் பேசாம இருந்தா அது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியும்.

அன்னிக்கு சாயங்காலம் பிரார்த்தனை. உங்கம்மா, தாத்தா, பெரியப்பான்னு பேரா வந்துச்சு, உன் இடம் வந்ததும் வழக்கம்போல ஒரு மூச்சு. நான் வாய்க்குள்ள ஆரம்பிக்கிறதுக்குள்ள அவரு வாயிலருந்து உன் பேரு வந்துச்சு பாப்பா. கூடவே, அவளுக்கு நல்ல புத்தியக் குடுன்னு ஒரு வாலையும் ஒட்டுனாரு, அதைப் பெருசு பண்ணாத. நான் ஒரு கண்ணைத் தொறந்து பாத்தேன், அவரும் ஒரு கண்ணால என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு.

நேத்து மூடியெல்லாம் கழுவிக்கிட்டே, பராக்குப் பாக்குற மாதிரி கேக்குறாரு, ஏம்மா, அதுங்கள்ல கடலை பிடிக்காததும் ஒண்ணு ரெண்டு பொறந்திருக்கும்ல, அதுங்க பெருகினா அப்ப என்ன வைக்கிறதுன்னு அவகிட்டக் கேட்டு எழுதுன்னு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. நான் எழுத மாட்டேன், வேணும்னா நீங்களே கேளுங்கன்னுட்டேன். ஞாயித்துக்கிழமை கடை சாத்துனதும் கேக்குறேன்னு சொல்லியிருக்காரு. அதனால அன்னிக்கு எங்கயும் போயிடாத, போனைப் பக்கத்துல வச்சுக்க. கரப்பானைப் பத்தி மட்டும் பேசு, இப்ப ஒத்துக்கிறீங்களாப்பான்னு மட்டும் கேட்டுடாத, உனக்குக் கோடிப் புண்ணியம்.

நீ நூறு வயசுக்கு நல்லா இருக்கணும், ஆண்டவன் உன் கூடவே இருக்கட்டும், நீ கூப்பிடலைன்னாலும். தலைக்கு எண்ணெய் வை, முட்டையை விட்டுடாத.

உன் கழுத்தெலும்பு நெனப்பாவே இருக்குற,
சித்தி